ஆஸ்துமா இருந்தால் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் 38 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். சிறு வயதிலிருந்தே அவருக்கு இளைப்பு உண்டு. மூச்சு முட்டும்போது மட்டும் நீல நிற இன்ஹேலரை எடுத்துக்கொள்கிறார். தினமும் எடுக்கச் சொன்ன இன்னொரு இன்ஹேலரை, பழகிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டார். மார்கழிக் கடைசியில் ஒட்டடை அடிப்பது, பரணை இறக்குவது, பின்கட்டில் சிமென்ட் ஷீட் போட்ட சமையலறையைத் துடைப்பது, சாமான் அறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் அவர் தலையில்தான்.

சென்ற ஆண்டு குளியலறை உப்புக்கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றியிருக்கிறார். அதுவும் பற்றாமல், மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்திருக்கிறார். பச்சையும் மஞ்சளுமாகப் புகை எழுந்து கண் எரிந்தது, இருமல் நிற்கவில்லை. மாமியார் பால் காய்ச்சிக் கொடுத்தார். அன்றிரவே மூச்சுத்திணறல் கூடி, மருத்துவமனையில் நெபுலைசர் வைத்த பிறகுதான் அடங்கியது. இருமல் மூன்று வாரம் நீடித்தது.

இந்த ஆண்டு நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருக்கிறார். பொங்கலுக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கும். 8 வயது மகனுக்கும் சளி பிடித்தால் இளைப்பு வருகிறது. "குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் இளைப்பு தானே போய்விடும்" என்கிறார் மாமியார். "ஆசிட் வேலைக்கு மட்டும் ஒரு ஆள் வைத்துக்கொள்வோம்" என்கிறார் கணவர். தான் சுத்தம் செய்யலாமா, எதைக் கொண்டு செய்வது, துணியில் முகத்தைக் கட்டிக்கொண்டால் போதுமா, குழந்தைக்காக எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தண்ணீர் ஊறும் ஒரு சுவரைப் பற்றியும் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செய்யலாம். ஆனால் இதுவரை செய்த விதத்தில் வேண்டாம். உங்கள் நுரையீரலைக் கெடுப்பது உலர்ந்த தூசியும் ரசாயன ஆவியும். இந்த இரண்டையும் காற்றில் ஏறவிடாமல் செய்கிற எந்த வேலையையும், நோய் கட்டுக்குள் இருக்கும்வரை, நீங்கள் செய்யலாம். மற்றவை வேறொருவர் செய்ய வேண்டியவை. பொங்கலுக்கு இன்னும் ஆறு வாரம் இருப்பது நல்லதாகப் போயிற்று. இந்த ஆறு வாரம் எதற்குத் தேவை என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பாதி சரி. ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பவர்களுக்கு உடலுழைப்பு நல்லதுதான். நடை, மாடிப்படி ஏறுவது, துணி துவைப்பது எல்லாம் மூச்சுக்குப் பலம் கொடுக்கும். ஆனால் ஒட்டடைக் குச்சியோடு பரணடியில் நிற்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே மூச்சு வாங்க வாங்க உள்ளே போவது தூசி. ஒட்டடை அடிக்கத் தயங்குவதைச் சோம்பல் என்று யார் சொன்னாலும் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இந்தப் பதிலை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். இது நீங்கள் ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்கிற விஷயம் இல்லை.

குளியலறையில் நடந்தது என்ன?

ஹார்டுவேர் கடையில் பாட்டிலில் தரும் ஆசிட், ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிப்பறைக்கென்று விற்கும் நீலத் திரவங்கள் பலவற்றிலும் அதே அமிலம்தான் சுமார் 10 சதவீதம் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரில் குளோரின் கட்டுண்டு கிடக்கிறது. நல்ல தூளில் எடையில் கால் பங்குக்கு மேல் குளோரின்தான். அமிலம் பட்ட அந்த நொடியே அந்தக் கட்டு அவிழ்ந்து குளோரின் வாயுவாக வெளியேறுகிறது. நீங்கள் பார்த்த மஞ்சள் பச்சைப் புகை அதுதான்.

இந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தரையை ஒட்டியே தேங்கும். நம் குளியலறைகளில் வென்டிலேட்டர் கூரைக்கு அருகே ஒரு சாண் அகலத்தில் இருக்கும். தண்ணீர் தெறிக்கிறதே என்று கதவையும் சாத்திக்கொள்வோம். தேய்ப்பவர் குந்தி உட்கார்ந்திருப்பார். அவர் முகம் இருக்கும் உயரத்தில்தான் வாயு அடர்த்தியாக நிற்கும். இழுத்த மூச்சில் உள்ளே போன குளோரின், மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாக மாறி அதன் உட்சுவரை அரிக்கிறது. ஏற்கெனவே வீங்கிச் சிவந்திருக்கும் ஆஸ்துமாக் குழாய் அதைத் தாங்காது.

இரண்டையும் சேர்த்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. நடப்பது நேர்மாறு. கறையைக் கரைக்க வேண்டிய அமிலம் குளோரினை விடுவிப்பதிலேயே தீர்ந்துபோகிறது. கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரினோ தரையை விட்டு உங்கள் மூக்குக்குள் போகிறது. கறையும் போகாது, கிருமியும் சாகாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வினிகர், எலுமிச்சைச் சாறு, எலுமிச்சை உப்பு ஆகியவையும் அமிலங்களே. அவற்றோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தாலும் இதே வாயுதான் வரும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற வேறொரு வாயு வரும். அதுவும் மூச்சுக்குழாயை இதேபோல எரிக்கும்.

பால் கொடுத்தது அன்பினால் செய்தது. ஆனால் பால் போவது வயிற்றுக்கு, வாயு போனது நுரையீரலுக்கு. பால் குடித்துவிட்டுப் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்த அந்த நேரம்தான் ஆபத்தானது. குளோரின் பட்ட நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். பகலில் வெறும் இருமலாக இருந்தது இரவில் திணறலாக மாறியதை நீங்களே பார்த்தீர்கள். அதனால்தான் இப்படிப்பட்டவர்களை ஒரு நாளாவது கவனிப்பில் வைக்கிறோம்.

இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால், பக்கெட்டையும் பிரஷ்ஷையும் அப்படியே போட்டுவிட்டு எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். கொட்டியதைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே நிற்கக் கூடாது. ஆசிட் தெறித்த துணியைக் களைந்து உடம்பைக் கழுவுங்கள். கண்ணைக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். நீல இன்ஹேலரை, அதோடு மாட்டும் ஸ்பேசர் என்ற குழாயில் பொருத்தி, ஒவ்வொன்றாக 4 பஃப் எடுங்கள். 20 நிமிடத்தில் அடங்காவிட்டால் இன்னொரு 4 பஃப். அதற்கும் கேட்கவில்லை, அல்லது ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் தாமதமே வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சு சரியானது போலத் தெரிந்தாலும் அன்றே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மூன்று வார இருமலை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு முறை அதிகமாக வாயு பட்டதால் மூச்சுக்குழாய்கள் மாதக்கணக்கில் கூச்சம் மிகுந்து இருப்பதுண்டு. தாளிக்கும் நெடி, ஊதுபத்தி, குளிர்காற்று எல்லாவற்றுக்கும் இருமல் வரும். பொங்கல் வேலையைத் தொடங்கும் முன் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். குழாயில் முழு மூச்சை ஊதி, மருந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும், அவ்வளவுதான். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ செய்துகொள்ளலாம். உங்கள் நுரையீரல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

நிறுத்திய இன்ஹேலர்

ஆறு வாரம் இதற்குத்தான். நீல இன்ஹேலரில் இருப்பது சால்புட்டமால். சுருங்கிய குழாயைச் சில மணி நேரத்துக்கு விரித்துவிடும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தைக் குறைப்பது நீங்கள் நிறுத்திய அந்த இன்னொரு மருந்து. அது பெரும்பாலும் ஸ்டீராய்டு இன்ஹேலராக இருக்கும். அளவு மைக்ரோகிராமில், நேரே நுரையீரலுக்குப் போகிறது. போதைபோல உடம்பு அதற்கு அடிமையாவதில்லை. நிறுத்தினால் இளைப்பு திரும்புகிறதே என்றால், வீக்கம் திரும்புகிறது என்பதுதான் காரணம். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல், நீல இன்ஹேலரை மட்டுமே நம்பியிருக்கும் சிகிச்சையை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. ஆண்டில் 3 நீல இன்ஹேலர் டப்பாவோ அதற்கு மேலோ காலியாகிறது என்றால் கடும் திணறலுக்கான ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டில் எத்தனை காலி டப்பா இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போய் அந்த மருந்தைத் திரும்பத் தொடங்குங்கள். முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு தொடங்கிப் பயனில்லை. எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். இரவில் இருமலால் விழித்துக்கொள்வதும் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்படுவதும் நிற்காமல் பொங்கல் வேலையைத் தொடாதீர்கள்.

உப்புக்கறைக்கு வழி

உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். டைல்ஸில் படியும் வெள்ளைப் பொருக்கு அதுதான். அதைக் கரைக்க மென்மையான அமிலமும் கொஞ்சம் பொறுமையும் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கி, 1 லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கரையுங்கள். பழந்துணியை நனைத்துக் கறைமேல் ஒட்டினாற்போல் விரித்து, 15 முதல் 20 நிமிடம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பல ஆண்டுக் கறை ஒரே நாளில் போகாது. நான்கு நாள் விட்டு மறுபடி செய்யுங்கள். அதிக நேரம் ஊறவிட்டால் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டை அரித்துவிடும். கடப்பா கல், மார்பிள் இரண்டும் சுண்ணாம்புக் கற்கள் என்பதால் அவற்றின்மேல் எந்த அமிலமும் வேண்டாம், பளபளப்பு போய்விடும். அவற்றுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். சோடா உப்பும் வினிகரும் சேர்த்துப் பொங்கவைக்கும் முறை ஒன்று பரவி வருகிறது. பொங்கி முடிந்ததும் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். ஆபத்து இல்லை, பலனும் பெரிதாக இல்லை.

கிருமிக்கு பிளீச்சிங் பவுடர் வேண்டுமென்றால் அதை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். முந்தைய அமிலத்தின் சுவடே இல்லாமல் தண்ணீர் விட்டு அலசியிருக்க வேண்டும். 1 லிட்டர் பச்சைத் தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு சிறு தேக்கரண்டி, அதாவது சுமார் 3 கிராம், போதும். முதலில் சோப்பு போட்டு அழுக்கைக் கழுவிவிட்டு, பிறகு இதை ஊற்றி 10 நிமிடம் விட்டு அலச வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கிலேயே வீணாகும். வெந்நீரில் கலந்தால் நெடி கூடும். இந்த வேலையை, கதவு திறந்திருக்க, உங்கள் கணவர் செய்யட்டும். நெடி அடித்தால்தான் சுத்தம் என்று நினைக்கிறோம். சுத்தமான குளியலறைக்கு ஒரு வாசனையும் இருக்கத் தேவையில்லை.

தூசியைத் தண்ணீரால் பிடியுங்கள்

வீட்டுத் தூசியில் இளைப்பைக் கிளப்புவது மண் இல்லை. மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியின் கழிவும், கரப்பான்பூச்சியின் கழிவும் உதிர்ந்த தோலும், பூஞ்சைத் துகளும்தான் முக்கியமானவை. உலர்ந்த துடைப்பத்தால் ஓங்கிப் பெருக்கினால் இவை மேலே கிளம்பும். பெரியது சீக்கிரம் தரையிறங்கிவிடும். நுரையீரலின் ஆழத்துக்குப் போகக்கூடிய நுண்ணியது மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். வேலை முடிந்து அப்பாடா என்று உட்காரும்போது உங்களுக்கு இளைப்பு வருவது இதனால்தான்.

வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குகிறோமே, அந்த வழக்கத்தை உள்ளேயும் கொண்டுவாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒட்டடைக் குச்சியின் நுனியில் நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். ஒட்டடை துணியில் ஒட்டிக்கொண்டு வரும், தலையில் கொட்டாது. ஒரு சுவர் முடிந்ததும் துணியை அலச வேண்டும். விசிறி இறக்கையைத் துடைக்கும் முன் மெயினை அணைத்துவிட்டு, பழைய தலையணை உறையை ஈரமாக்கி இறக்கைக்குள் மாட்டி, இரு பக்கமும் அழுத்தி இழுத்தால் தூசி முழுவதும் உறைக்குள் தங்கிவிடும். நாற்காலிமேல் ஸ்டூல் வைத்து ஏற வேண்டாம். ஒருவர் பிடித்துக்கொள்ள ஏணி போடுங்கள். கூரை, விசிறி, அலமாரி, பிறகு தரை என்று மேலிருந்து கீழே வாருங்கள். தரையைக் கடைசியில் ஈர மாப்பால் துடையுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அறை போதும். மூன்று நாளில் முழு வீட்டையும் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் துடைப்பம் உலர்ந்தபடியே சுழல்கிறது.

ஒட்டடை, விசிறி, பரண் மூன்றும் உங்களுக்கு வேண்டாம். அந்த நேரத்தில் அந்த அறையிலும் இருக்காதீர்கள். முடிந்து ஜன்னலைத் திறந்துவைத்து இரண்டு மணி நேரமாவது கழித்து உள்ளே போங்கள். நீங்கள் அலமாரியை ஈரத்துணியால் துடைக்கலாம், பாத்திரம் கழுவலாம், துணிகளை ஊறவைக்கலாம். திரைச்சீலையைக் கழற்றும்போது உதறாமல், உட்பக்கமாகச் சுருட்டி நேரே சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

முகத்தில் கட்டும் துண்டு, சேலை முந்தானை, நுண்தூசியைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும். மூக்குமேல் உள்ள கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று புகாதபடி போட்டால்தான் பயன். ஆனால் அதுவும் குளோரின் போன்ற வாயுவைத் தடுக்காது. முகக்கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் ஆசிட்டைத் தொடாதீர்கள்.

பரணில் எலிப் புழுக்கை இருந்தால், வேலை செய்பவர் அதைப் பெருக்கவே கூடாது. கிருமிநாசினிக் கரைசலைத் தெளித்து 5 நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டு ஈரத்தாளால் ஒற்றி எடுத்து, பையில் கட்டிப் போடட்டும். பழைய சாமான்களுக்குள் கைவிடும் முன் தேள் இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. ஃபிரிட்ஜுக்குப் பின்புறமும் சிங்க் அடியிலும் மிளகுத்தூள் சிந்தினாற்போல் கிடப்பது கரப்பான் கழிவு. அங்கே மருந்து ஸ்பிரே அடிக்காமல், சோப்புத் துணியால் துடைத்துவிட்டு ஜெல் மருந்தைப் புள்ளி புள்ளியாக வையுங்கள். ஸ்பிரே உங்களுக்கும் மகனுக்கும் ஆகாது.

இந்த வீட்டில் அதிகப் பலன் தரப்போகும் வேலை மெத்தையில்தான் இருக்கிறது. விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத் துவைத்தால் தூசிப்பூச்சி சாகும். கை தாங்காத சூடு அது, குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. மெத்தையை மொட்டை மாடியில் நல்ல வெயிலில் இரு பக்கமும் காயவைத்து, மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் வேறொருவர் தட்ட வேண்டும். வெயில் பூச்சியைக் கொல்லும், கழிவை அகற்றாது. அதனால் தட்டுவதும் முக்கியம். பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்துப் பஞ்சு அடிக்கும் வேலையை வீட்டில் வைக்காதீர்கள். மகனின் பஞ்சு பொம்மையைப் பையில் கட்டி 24 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் துவையுங்கள்.

ஷீட், பெயின்ட், சுண்ணாம்பு

பின்கட்டு ஷீட் பழையது என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் நார்கள் பல பத்தாண்டுகள் கழித்து நுரையீரல் நோயைக் கொண்டுவரும். அசையாமல் கிடக்கும் ஷீட் பெரிய ஆபத்தில்லை. கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவதும், துளை போடுவதும், ஓங்கிப் பெருக்குவதும்தான் நாரைக் கிளப்பும். அடிப்பக்கத்தை நன்றாக நனைந்த துணியால் மெதுவாக ஒற்றி எடுத்து, அந்தத் துணியைத் திரும்பப் பயன்படுத்தாமல் ஈரத்தோடு கட்டிப் போட்டுவிடுங்கள்.

பழைய கதவு பெயின்ட்டை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் அதிக ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

சுண்ணாம்பு விஷயத்தில் எனக்குப் பயம் கண்ணைப் பற்றித்தான். கல் சுண்ணாம்பு நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும், பிளாஸ்டிக் பக்கெட் இளகிவிடும். தகரப் பாத்திரத்தில் தண்ணீரை முதலில் எடுத்து, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். கண்ணில் பட்டால் அமிலத்தைவிட மோசமாக உள்ளே அரித்துக்கொண்டு போகும். உடனே குழாயடியில் இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் கழுவி, இமைக்குள் துணுக்கு இருக்கிறதா என்று பார்த்து, அப்படியே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அடிப்பவர் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.

கைக்குழந்தைக்காக

பிறந்த குழந்தைக்குப் பழைய மெல்லிய துணியைப் போடுவது நம் வழக்கம். அந்தத் துணி டிரங்குப் பெட்டியிலிருந்து வரும், பெட்டிக்குள் அந்துருண்டை இருக்கும். அது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, அந்த வாசம் ஏறிய துணி பட்டாலே சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். அந்த மஞ்சள் மிக அதிகமானால் மூளையைத் தாக்கும். நாப்தலீன் எண்ணெயில் கரையும் என்பதால், எண்ணெய் தேய்த்த உடம்பில் அந்தத் துணியைப் போர்த்துவது இன்னும் கெடுதல். குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பார்த்துத் தெரியாது. அதனால் உருண்டைகளை இப்போதே வீட்டைவிட்டு அகற்றிவிடுங்கள். துணிகளைச் சோப்பு போட்டுத் துவைத்து, வாசம் முழுக்கப் போகும்வரை பல நாள் வெயிலிலும் காற்றிலும் போடுங்கள். பூச்சிக்கு, நன்றாக உலர்ந்த வேப்பிலையும் இறுக மூடிய பையும் போதும். குழந்தையின் கண் மஞ்சளாகவோ சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாம்பிராணி வேண்டாம். தலை ஈரம் காயத் துண்டு போதும். அந்தப் புகையைக் குழந்தையின் சிறிய மூச்சுக்குழாய் தாங்காது, உங்களுக்கும் மகனுக்கும் அது ஆகாது. மாமியாருக்கு இது வருத்தமாக இருக்கலாம். பேரக்குழந்தையின் மூச்சுக்காக என்று நாத்தனாரே சொன்னால் கேட்பார்.

ஆள் வைப்பதும், அந்தச் சுவரும்

உங்கள் கணவர் உங்களுக்காக யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆசிட் வேலைக்கு வரும் அந்த அம்மாவுக்கும் இருப்பது இதே நுரையீரல். துப்புரவு வேலையில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமா கூடுதலாக வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் ஒரு நாள் பட்டதை அவர் மார்கழி முழுக்க வீடு வீடாகப் படுகிறார். ஆள் வையுங்கள், ஆனால் ஆசிட் வாங்கிக் கொடுக்காதீர்கள். எலுமிச்சை உப்பு, கையுறை, முகக்கவசம், ஏணி ஆகியவற்றை நீங்கள் கொடுங்கள். மேலே சொன்ன ஈர முறையில் நேரம் அதிகம் பிடிக்கும், அதற்கு ஏற்றபடி கூலியும் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

சுவரில் தண்ணீர் ஊறும்வரை எத்தனை முறை பூஞ்சையைத் துடைத்தாலும் திரும்ப வரும். மேலே சுண்ணாம்பு அடித்தாலும் சில வாரம்தான். துடைக்கும்போது சோப்புத் தண்ணீரில் நனைத்தே துடைக்கட்டும். அந்தச் சுவரோரம் மகனின் படுக்கையைப் போடாதீர்கள். பீரோவை ஒரு சாண் தள்ளி வைத்தால் காற்று புகும். கசிவைச் சரிசெய்வது வீட்டுக்காரர் வேலை. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கட்டடப் பழுதையும் சுவர் வெள்ளையடிப்பையும் உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஈரச் சுவரின் படத்தோடு, மகனுக்கு இளைப்பு இருப்பதையும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். உங்கள் மருத்துவரிடம் ஒரு சான்றும் வாங்கி இணைக்கலாம். சண்டையாக இல்லாமல் வேண்டுகோளாகத் தொடங்குங்கள். மறுத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம்.

போகியன்று காலை நீங்கள் மூவரும், அதாவது நீங்கள், மகன், கைக்குழந்தை, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். தைக்கு முந்தைய குளிரில் தரையோரக் காற்று மேலெழாமல் நிற்பதால் புகை தெருவிலேயே தங்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகும் அளவுக்குப் புகை மண்டியது. வெயில் நன்றாக ஏறிய பிறகு ஜன்னலைத் திறக்கலாம். பரணிலிருந்து இறக்கியதில் டயர், பிளாஸ்டிக் பாய், ரெக்சின் எதையும் எரிக்காமல் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

மகனை மறந்துவிடாதீர்கள். உங்கள் இன்ஹேலரை அவனுக்குக் கொடுக்க வேண்டாம், அவனுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் குழந்தை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். சளியோடு இளைப்பு எத்தனை முறை வந்தது, எந்த மாதம், இரவில் இருமுகிறானா, ஓடினால் இருமுகிறானா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அரையாண்டு விடுமுறை தொடங்கும் முன் தூசி வேலைகளை முடித்துவிடுங்கள். அவன் பள்ளிக்குப் போன பிறகு 9.30க்குத் தொடங்கி மதியத்துக்குள் நிறுத்தினால், மாலை அவன் திரும்பும்போது வீட்டுக் காற்று தெளிந்திருக்கும்.